இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

அம்மனை ஏமாற்றப் பார்த்தவன் நான். அது பலிக்கவில்லை என்பதால்தான் இன்று வெளியில் சொல்ல முடிகிறது. பலித்திருந்தால் ஊரில் பக்திமான் என்று பெயர் எடுத்து, அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே ஆயுள் போயிருக்கும்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு முப்பத்து நான்கு வயது, ஒரு மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. அந்த வேலையை விட்டுவிடுவதா, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா என்று ஏழெட்டு மாதமாக யோசித்தேன். கையில் வேறு வேலை எதுவும் கிடையாது. யோசித்து யோசித்து ஒன்றும் தேறாமல், ஏரிக்கரை அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, உழவு மாட்டை விற்பதா, எதற்கும் அம்மனைக் கேட்பார்கள். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ வைத்து, ஒரே மாதிரி மடித்து, வாழை நாரால் கட்டி, அம்மன் காலடியில் போடவேண்டும். விஷயம் தெரியாத யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லவேண்டும். எடுத்த பூ அம்மன் உத்தரவு. நான் மனதில் நினைத்துக்கொண்டது, போனதும் பூசாரியிடம் சொன்னது, இது: வெள்ளை வந்தால் வேலையை விடு, சிவப்பு வந்தால் போய் விசிலை ஊது.

பொட்டலங்களை வீட்டிலேயே கட்டினேன். முதல் இலையில் நந்தியாவட்டை வைத்து மடித்தாயிற்று. இரண்டாவது இலையை விரித்து, சிவப்பு அரளியைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அரளியை ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டு, இரண்டாவதிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டிவிட்டேன். கிளை நூலகத்தில் தத்துவம் என்று எழுதியிருந்த அலமாரியை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை படித்து முடித்தவன் செய்த காரியம் அது.

இதில் பெரிய கேவலம் வேறு. இரண்டிலும் வெள்ளைதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பூசாரி பொட்டலங்களைக் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டியபோது, வெள்ளை வரவேண்டும் என்று உருகி வேண்டிக்கொண்டேன். நாற்று நடப் போகிற வழியில் கும்பிட நின்ற ஒரு அம்மாளைக் கூப்பிட்டு, "ஒண்ணு எடும்மா" என்றார் பூசாரி. அந்த அம்மாள் இடது பக்கத்துப் பொட்டலத்தைத் தொட்டாள், யோசித்தாள், அதை விட்டுவிட்டு வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். 'அடப்பாவி, மாத்திட்டாளே!' என்று மனதுக்குள் கத்திவிட்டேன்.

பிரித்தார்கள். வெள்ளை. நான் கண்ணை மூடிக் கைகூப்பினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அதோடு நான் கிளம்பியிருக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நின்றதுதான் தப்பு. பூசாரி பூவை வீணாக்காதவர். மீதிப் பொட்டலத்தில் இருக்கிற பூவையும் அம்மன் மேல் போட்டுவிடலாம் என்று பிரித்துவிட்டார்.

"இன்னா பூசாரி, இதுவும் வெள்ளயா கீது?" என்றாள் அந்த அம்மாள்.

பூசாரி இரண்டு பூவையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் யாரும் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"டயம் கீப்பரே, நீ அம்மாவக் கேக்க வந்தியா, அம்மாவுக்கு சொல்லிட்டுப் போவ வந்தியா?"

அவரே தீர்ப்பும் சொன்னார். "ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு. அது வரிக்கும் வேலையையும் வுடக்கூடாது, அம்மாவையும் தொந்தரவு பண்ணக்கூடாது. கம்முனு போயி விசில ஊது."

இந்தக் கூத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பஸ் ஸ்டாண்டின் நடுவில் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, ஒரு விசில், நான். தனியார் பஸ் முதலாளிகள் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த ஆள். வண்டி வந்த நேரத்தை எழுதவேண்டும். போகவேண்டிய நேரத்துக்கு விசில் ஊதவேண்டும். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும், "இவ்ளோதானா?" என்றுதான் கேட்பார்கள். நானும் சேரும்போது அப்படித்தான் கேட்டேன்.

காலை ஒன்பது பத்துக்குக் காஞ்சிபுரத்துக்கு ஒரு வண்டி. ஒன்பது பதினைந்துக்கு, அதே காஞ்சிபுரத்துக்கு, வேறு ஒரு முதலாளியின் வண்டி. ஒன்பது பத்து வண்டி நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினால், பின்வண்டிக்கு வரவேண்டிய ஜனம் எல்லாம் இதில் ஏறிவிடும். ஆகவே ஒன்பது பத்துக் கண்டக்டருக்கு மணி எப்போதும் ஒன்பது ஆறு. ஒன்பது பதினைந்துக் கண்டக்டருக்கு எப்போதும் ஒன்பது பதினாலு. இரண்டு பேருக்கும் நடுவில் என் கடிகாரம். அதன் பக்கத்தில் என் கழுத்து.

"சார், ஒங்க கடியாரம் பாஸ்ட்டா கீது சார்" என்பான் ஒன்பது பத்து.

"யோவ், ஸ்லோவா கீதுய்யா. காலைல ரேடியோ பாத்து வெச்சிக்கினு வந்திருக்கேன்."

"ரேடியோவ எவன்யா பாப்பான்? கேப்பாங்க. மொதல்ல அத்த கத்துக்கினு வா."

"சார், நீங்க ஊதறீங்களா, நான் ஊதட்டுமா?"

"ரெண்டே நிமிசம் சார். ஒரு ஆயா கத்திரிக்கா மூட்டையோட வந்துகினே கீது. வுட்டுட்டுப் போனா பாவம் சார்."

அந்த ஆயா ஆறு வருஷம் வந்துகொண்டே இருந்தாள். ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை.

ஒன்பது ஐந்துக்கு எனக்கு வயிறு எரிய ஆரம்பிக்கும். ஒன்பது இருபதுக்கு அடங்கும். ஒன்பது நாற்பதுக்குச் செங்கல்பட்டு வண்டிகள் இரண்டும் வரும், மறுபடி எரியும். ஒரு நாளைக்கு இப்படிப் பதினோரு தடவை. டாக்டர் வெள்ளையாக ஒரு மருந்தைக் கொடுத்து, "வேலைய மாத்திப் பாருங்க" என்றார். "எந்த வேலைக்கு?" என்று கேட்டேன். "அதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல" என்றார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பெயரைப் பதிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. புதுப்பிக்கத் தவறியதே இல்லை. அவர்களும் கூப்பிடாமல் இருக்கத் தவறியதில்லை.

வயிற்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் நான் டைம் கீப்பராகவே இருக்க ஆரம்பித்தேன். சாப்பிட உட்கார்ந்தால் கண் கைக்கடிகாரத்துக்குப் போகும். "நேத்து ஏழு அம்பதுக்கு சோறு போட்ட. இன்னிக்கி ஏழு அம்பத்தி நாலு" என்பேன். மனைவி குழம்புக் கரண்டியை அப்படியே நிறுத்தி, "நோட்டுல எய்திக்கோங்க. முன்னால போன குழம்பு மேல கேசு போடலாம்" என்பாள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஒரு கல்யாணம். புள்ளலூரில் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை கல்யாணம். ஏழரையிலிருந்து ஒன்பது முகூர்த்தம். மணி எட்டு ஐம்பத்தைந்து ஆயிற்று. தாலியைத் தட்டில் வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து ஆசி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தட்டு மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவரிடம் நின்றுவிட்டது, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். எட்டு ஐம்பத்தேழு. எட்டு ஐம்பத்தெட்டு. என் சட்டைப் பையில் விசில் இருந்தது. எப்படி வாய்க்கு வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஊதிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, நீளமாக.

மேளக்காரர்கள் அது தங்களுக்குத்தான் என்று நினைத்துக் கெட்டி மேளம் கொட்டிவிட்டார்கள். போலீஸ் வந்துவிட்டது என்று பந்தலுக்குப் பின்னால் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் வரப்பில் ஓடினார்கள். தட்டைப் பிடுங்கி, மாப்பிள்ளை அவசரமாகத் தாலி கட்டினான். சரியாக ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. எனக்குள் ஒரு மூலையில் திருப்திகூட இருந்தது என்பதுதான் பயமாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து, புடவை மாற்றிக்கொண்டு வந்து, மனைவி சொன்னாள்: "ஒண்ணு அந்த வேலைய வுடுங்க. இல்ல, இனிமே சொந்தக்காரங்க வூட்டுக்கு என்கூட வராதீங்க."

அன்றைக்குத்தான் ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். பதினொரு தடவை எழுதினேன். 'உடல்நிலை காரணமாக' என்று எழுதினால் பொய் மாதிரி இருந்தது. 'மனநிலை காரணமாக' என்று எழுதினால் உண்மை மாதிரி இருந்தது, அது அதைவிட மோசம். கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று கையெழுத்துக்கு மேல் எழுதிவிட்டு, கீழ்ப்படிய முடியாமல்தானே போகிறோம் என்று அதை அடித்தேன். அடித்தல் இருக்கிற கடிதம் மரியாதை இல்லை என்று மறுபடி முதலிலிருந்து. பதினோராவது சுத்தமாக வந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில், விசிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி மாற்றி வைத்ததில், கொடுக்காமலேயே மடிப்பில் கிழிந்துவிட்டது. பன்னிரண்டாவது எழுதவேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் அம்மன் ஞாபகம் வந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

பூசாரி யாரிடமும் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். அந்த நாற்று நட்ட அம்மாளை மறந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் ஒரு வயல் முழுக்கத் தெரிந்து, சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை ஒன்பது பத்துக் கண்டக்டர் கூண்டுக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் மூடி நீட்டினான்.

"ஒண்ணத் தொடுங்க சார்."

"எதுக்கு?"

"இந்தக் கையில லேட்டா போறது. இந்தக் கையிலயும் லேட்டா போறது. அம்மா உத்தரவு, தொடுங்க."

ஒன்பது பதினைந்துக் கண்டக்டர் சிரித்துச் சிரித்துப் பையைக் கீழே போட்டுவிட்டான். ஆறு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்கு நான் காரணமாக இருந்தேன் என்பதில் எனக்கு ஒரு சமூக சேவகனின் திருப்தி.

நான் போகப்போகிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கொஞ்சம் அன்பாகக்கூட ஆனார்கள். டீ வந்தது. வாழைப்பழம் வந்தது. ஒன்பது பத்துக் கண்டக்டர் ஒருநாள் உண்மையான கவலையோடு பக்கத்தில் வந்து, "அவசரப்படாதீங்க சார். நீங்க போயிட்டா, அந்த எடத்துக்கு யாராச்சும் கண்டிப்பான ஆளா வந்துடுவான்" என்றான். நான் ஆறு வருஷமாக என்னவாக இருந்தேன் என்று அவனிடம் கேட்கவில்லை.

இருபதாவது நாளோ என்னவோ, மாமனார் வந்துவிட்டார். தென்னேரிக்காரர். ஏரிப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர், அதில் இடுப்பொடிய உழைத்தவர். எனக்குப் பெண் கொடுத்ததற்கு அவர் ஊரில் சொன்ன ஒரே காரணம், மாப்பிள்ளைக்கு நிழலில் உட்காருகிற வேலை என்பதுதான். வந்தவர் கூண்டுக்கு வெளியே நின்று தகரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார், மாட்டை விலை பேசுகிறவர் மாதிரி.

"மாப்ள, இதுல வெயிலு கீதா?"

"இல்ல மாமா."

"சேறு கீதா?"

"இல்ல."

"குனியற வேல கீதா?"

"இல்ல மாமா."

"அப்பறம் இன்னாத்துக்கு வுடணும்ன்ற?"

"வயிறு எரியுது மாமா. அல்சருன்றாரு டாக்டரு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். என்னை மட்டம் தட்டவேண்டும் என்று யோசிக்கவில்லை. நிஜமாகவே எனக்கு ஒரு வழி தேடினார். "எரியறது வெயில்லயும் எரியும், நெயல்லயும் எரியும். நெயல்ல எரிஞ்சா ஒக்காந்துக்கலாம்" என்றார்.

அதற்கு எந்த அலமாரியிலும் பதில் படித்ததில்லை. ஒன்பது பதினைந்து வண்டியில் முன் சீட்டில் அவரை ஏற்றிவிட்டேன். டைம் கீப்பர் மாமனாருக்கு முன் சீட்டு என்பது எழுதாத சட்டம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இந்த சீட்டு போயிடும் மாப்ள, அத்தையும் நெனச்சிக்கோ" என்றார். வண்டி நகர்ந்தது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அரைக் காணி நிலம் எனக்கு உண்டு. அதைக் குத்தகைக்கு விட்டிருந்தேன். மாதா மாதம் வருகிற சம்பளம் நின்றால், பெரியவளுக்குப் பள்ளிக்கூடப் பாவாடை, சின்னவளுக்கு இருமல் மருந்து, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் நான் யார் முகத்தைப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. வயிறு எரிவது எனக்கு ஒருவனுக்கு. நான் விட்டால் காய்வது நாலு வயிறு. இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் ஒன்பது ஐந்துக்குத் தப்பாகவும், ஒன்பது இருபதுக்குச் சரியாகவும் வந்தது.

மனைவியிடம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எப்போதும் அவளிடம் கடைசியாகத்தான் கேட்பேன். அதற்குக் காரணம் மரியாதைக் குறைவு என்று அவள் நினைத்தாள். பயம் என்பது எனக்குத் தெரியும்.

"வேலைய வுட்டுடட்டா?"

"வுட்டுட்டு?"

"பாக்கலாம்."

"இன்னாத்தப் பாப்பீங்க?"

"தெரியல."

அவள் முறத்தைத் தட்டி, உமியை ஊதிவிட்டு, "காலைல எய்ந்ததும் இன்னா பண்ணுவீங்க? அதையாச்சும் யோசிச்சீங்களா?" என்றாள்.

அதுவும் தெரியவில்லை. ஆறு வருஷமாக நான் எழுந்ததும் செய்தது ஒன்றே ஒன்று, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இத்த சொல்றதுக்கு அம்மாகிட்ட போயி ரெண்டு பொட்டலம் கட்டுவாங்களா ஒரு மனுசன்? வீட்டுல நெல்லு கீது. தை வரிக்கும் தாங்கும். அப்பறம் நீங்க இன்னா பண்ணுவீங்களோ. ஆனா ஒண்ணு, வூட்டுல ஒக்காந்துகினு என் சோத்துக்கு டைம் எய்தனீங்க, அந்த விசில புடுங்கி ஏரில வீசிடுவேன்."

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

நாற்பத்தெட்டாவது நாள் வந்தது. அன்றைக்கு ஒழுங்காக ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வைத்துக் கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். ஆனால் காலை எட்டு மணிக்கே வந்தவாசி வண்டி ஒன்று பஞ்சராகி நின்று, எல்லா வண்டியும் முன்னே பின்னே ஆகி, என்னால் கூண்டை விட்டு நகர முடியவில்லை. நான் கோயிலுக்கு வராததைப் பார்த்து, பூசாரியே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். இடுப்புத் துண்டில் இரண்டு பொட்டலம்.

"அம்மா காலடில வெச்சி எட்தாந்திருக்கேன். நானே கட்னது. நீ கட்னாதான் வம்பு. எடு."

சரியாக ஒன்பது எட்டு. கூண்டைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒன்பது பத்துக் கண்டக்டர், ஒன்பது பதினைந்துக் கண்டக்டர், டீக்கடைக்காரர், செருப்புத் தைக்கிறவர், கீரைக் கூடையோடு இரண்டு பெண்கள். பூசாரி தகரப் பலகையில் பொட்டலங்களை வைத்தார்.

"வலதுல கைய வைங்க சார்" என்றான் ஒன்பது பத்துக் கண்டக்டர்.

"ஏய், நீ சொல்லாத. தெரிஞ்சவங்க சொல்லக்கூடாது. அவரே எடுக்கட்டும்" என்றான் ஒன்பது பதினைந்து.

"எனக்கு இன்னாடா தெரியும்?"

"ஒனக்கு எப்பவுமே இன்னாவும் தெரியாது, அது வேற."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு ஆள் ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ்! எத்தனா ஒண்ண எடுய்யா! கோர்ட்டுக்குப் போவணும், வாய்தா!" என்று கத்தினார்.

நான் கையை நீட்டினேன். இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் கை நின்றது. அப்போதுதான் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பதினாலு.

ஒன்பது பத்து வண்டி அங்கேயே நிற்கிறது. நாலு நிமிஷம் தாமதம். ஒன்பது பதினைந்துக் கண்டக்டர் என் பக்கத்திலேயே நிற்கிறான்; பொட்டலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் யாரையும் திட்டவில்லை. நான் விசில் ஊதவில்லை. முக்கியமாக, எனக்கு வயிறு எரியவில்லை. ஒன்பது ஐந்தும் வந்து போயிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

உடனே ஞானம் வந்துவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்தது வெட்கம்தான். வேலையை மாற்று என்று டாக்டர் சொன்னார், விட்டால் நெல் இருக்கிறது என்று மனைவி சொன்னாள், விடாதே என்று மாமனார் சொன்னார். நான் மட்டும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மன் கையெழுத்துப் போட்டாலும் நாளைக்குச் சோறு இல்லை என்றால் பெண்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"வேணாம் பூசாரி. நான் வுட்டுடறேன்" என்றேன்.

"பூ எடுக்கலியா?"

"இல்ல. நானே வுடறேன்."

பூசாரி பொட்டலங்களை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். வந்ததற்கு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். நான் சட்டைப் பையிலிருந்து பன்னிரண்டாவது கடிதத்தை எடுத்து, காஞ்சிபுரத்தில் முதலாளிகள் ஆபீசில் கொடுத்துவிடச் சொல்லி ஒன்பது பத்துக் கண்டக்டரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஏறப்போனவன் படியில் நின்று, "சார், இத்த குடுக்கணும்னா நான் முன்னால போவணும் இல்ல? அவன பின்னால வரச் சொல்லுங்க" என்றான். போகும்போதும் அந்த நிமிஷத்தை விடவில்லை. ஒன்பது பதினேழுக்கு வண்டி போயிற்று. நோட்டில் ஒன்பது பதினேழு என்றே எழுதினேன்.

பதினைந்து நாள் கழித்துப் பொறுப்பை ஒப்படைத்தேன். ஒப்படைக்க ஆள் யாரும் வரவில்லை. கூண்டைப் பூட்டிச் சாவியை டீக்கடையில் கொடுத்தேன்.

வேலையை விட்டதும் உடம்பு தேறிவிட்டது என்று எழுத ஆசைதான். வயிறு இன்னும் ஒரு வருஷம் எரிந்தது. ராஜினாமாக் கடிதத்தை அதற்கு யாரும் படித்துக் காட்டவில்லை. முதல் ஒரு மாதம் காலையில் எழுந்து கிணற்றடியில் நின்றுகொண்டு, தூரத்தில் கேட்கிற ஹாரனை வைத்து எந்த வண்டி, எத்தனை நிமிஷம் தாமதம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கைக்கடிகாரத்தை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்; எடுக்கவில்லை. சாப்பாடு என்றைக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று தெரியாமலே சாப்பிடப் பழகினேன். அதற்குள் ஒரு பருவம் போயிற்று.

தை மாதம் வருவதற்குள் மண்ணெண்ணெய்க்கு இடித்தது. பெரியவள் பழைய பாவாடையிலேயே பள்ளிக்கூடம் போனாள், விளிம்பைப் பிரித்து நீளம் விட்டு. மாமனார் இரண்டு தடவை வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன் என்று இரண்டு தடவையும் சொன்னார். அப்புறம் ஒருநாள், தெரிந்தவர் ஒருவருக்குப் பட்டா மாற்றத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு ராஜினாமா எழுதிய பழக்கத்தில் மனு நன்றாக வந்திருந்தது போலிருக்கிறது. அவர் இன்னொருவரை அனுப்பினார். தாலுகா ஆபீஸ் வாசலில் புளியமரத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு போட்டுக்கொண்டேன். வெயில் வரும்போது பெஞ்சை நகர்த்தவேண்டும். நிழல்தான் என்று மாமனாருக்குச் சொல்லி அனுப்பினேன். பாதி நேரம்தானே நிழல் என்று பதில் வந்தது. எப்படியோ, ஜனங்கள் வந்தார்கள். அவசரப்படுகிறவர்கள் அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். ஒரு மனு விஷயமாகக் காஞ்சிபுரம் போகவேண்டியிருந்தது. ஒன்பது பத்து வண்டியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடிக்கு எதிரே இடம் கிடைத்தது. ஜன்னலில் பார்த்தால் கூண்டு பூட்டியபடியே இருந்தது. தகரத்தின் மேல் யாரோ வறட்டி தட்டியிருந்தார்கள்.

வண்டி சரியாக ஒன்பது பத்துக்குக் கிளம்பியது. எனக்கு அது கொஞ்சம் வலித்தது. ஏரிக்கரைத் திருப்பம் தாண்டியதும் டிரைவரிடம், என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையா என்று விசாரித்தேன். இல்லை என்றார். விசில் இல்லாமல் எப்படி நேரத்துக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் கியரை மாற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விசிலா? இஞ்சின் ஓடற சத்தத்துல ஒங்க விசிலு எங்க சார் காதுல வியும்? அந்தா பின்னால ஒக்காந்துகினு கீதே, அந்த டீச்சரம்மா கொடைய மடக்கிக்கினு ஏறிச்சின்னா நான் வண்டிய எடுப்பேன். நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னால புட்ச்சே அப்டித்தான் சார்."